வாங்கும் கை

பிறர் வீட்டுக்குக் குழந்தையை அழைத்துப் போகும்போது, வாசற்படியிலேயே அதன் காதில் நாம் ஓதிவிடுகிற மந்திரம் ஒன்று உண்டு. "என்ன கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், தெரிந்ததா?" குழந்தைக்கு முறுக்கின் மேல் ஆசை. தட்டை நீட்டுகிற மாமிக்கோ, குழந்தை ஒன்றையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. இரண்டு ஆசைகளுக்கும் நடுவில் நம்முடைய கௌரவம் உட்கார்ந்துகொண்டு கண்ணால் மிரட்டுகிறது. குழந்தை வேண்டாம் என்கிறது; சமர்த்து என்று பெயர் எடுக்கிறது.

அந்தச் சமர்த்துக் குழந்தை வளர்ந்து பெரியவனாகி, உத்தியோகம் பார்த்து, வீடு கட்டி, ஓய்வு பெற்று, சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லும் வாக்கியத்தையும் நாம் கேட்டிருக்கிறோம். "ஒருவரிடம் ஒரு காசு கடன்பட்டது கிடையாது. ஒருவர் வாசலில் போய் நின்றது கிடையாது." இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் மத்தியதர வர்க்கத்தில் கிடையாது.

கொடுப்பதைப் பற்றி நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. கடையெழு வள்ளல்கள் இருக்கிறார்கள். கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலில் தொங்கும் குழல் விளக்கின் மேல், பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, உபயதாரரின் பெயர் இருக்கிறது. வாங்கிக்கொள்வதைப் பற்றி என்ன இருக்கிறது? வெட்கம்தான் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவன் ஒருவன் இல்லாமல் எந்த வள்ளலும் வள்ளலாக முடியாதே! நீட்டிய கைக்கு எதிரே இன்னொரு கை இல்லாவிட்டால் அது அந்தரத்தில் நிற்கிற கைதானே? அப்படியானால் வாங்கிக்கொள்வதிலும் ஒரு தர்மம் இருக்க வேண்டும் அல்லவா? அது என்ன என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகம் படித்து வரவில்லை. மழையில் நடந்ததால் வந்தது. நடந்த கதைக்கு முன்னால், நடப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சேலம், நாமக்கல் பக்கத்துச் சமவெளியை நடக்கிறவர்களுக்காகவே யாரோ ஒரு காலத்தில் உட்கார்ந்து யோசித்து அமைத்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மற்றத் தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். நான் அறிந்த மண் இது என்பதால் இதைச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. திண்ணை வீட்டுக்காரனுடையதுதான், ஆனால் இரவில் அதில் படுத்துத் தூங்கும் வழிப்போக்கனை, நீ யார் என்று கேட்பது மரியாதையல்ல. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். சாலை ஓரத்தில் புளிய மரம் வைத்தார்கள். ஆங்காங்கே சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒன்றைப் படுக்க வைத்த எளிய அமைப்பு. தலைச் சுமைக்காரன் அடுத்தவர் துணை இல்லாமல் சுமையை இறக்கி வைக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்களின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். இறக்க முடியாமல் போன ஒருத்தியின் சுமைக்காக, வழியில் போகிற அத்தனை பேரும் தங்கள் சுமையை இறக்கிக்கொள்ளட்டும் என்று நினைத்த அந்த மனம் எப்பேர்ப்பட்ட மனம்!

சத்திரங்கள் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் இன்றும் நிலைத்திருப்பது, சாலை போட்டதற்கும் சத்திரம் கட்டியதற்கும்தான். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஓர் ஊருக்குப் பெயரே புதுச்சத்திரம். இன்று அந்த வழியே நாலு வழிச் சாலையில் லாரிகளும் கார்களும் பறக்கின்றன. ஊர்ப் பெயரில் மட்டும் ஒரு பழைய வழிப்போக்கன் இன்னும் இளைப்பாறிக்கொண்டிருக்கிறான்.

அந்தக் காலத்து வழிப்போக்கன் பிச்சைக்காரன் அல்ல, விருந்தாளியும் அல்ல. யார் எவர் என்று தெரியாவிட்டாலும் கொஞ்சம் இடமும் கொஞ்சம் தண்ணீரும் பெறுவதற்கு உரிமை உள்ளவன். அவன் அதை வெட்கமில்லாமல் பெற்றுக்கொண்டான். நாளைக்கு இந்தத் திண்ணைக்காரனும் வேறோர் ஊரில் வழிப்போக்கனாவான் என்பது இருவருக்கும் தெரியும். கால்நடையாகப் போகிறவனுக்கு அடுத்தவர் தயவு இல்லாமல் வழி இல்லை. வண்டியில் போகிறவனுக்கு அது தேவையில்லை. பெட்ரோலும் பணமும் போதும்.

ஆனாலும் நடக்கிறவர்கள் அடியோடு மறைந்துவிடவில்லை. தை மாதத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பார்க்க வேண்டும். எடப்பாடியிலிருந்து பருவதராஜ குலத்தார் காவடி எடுத்துக்கொண்டு பழனிக்கு நடந்து போகிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம் என்று சொல்கிறார்கள். பழனி மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த நாட்களில் வழி நெடுகப் பந்தல் முளைக்கும். மோர் கொடுப்பார்கள்; சோறு போடுவார்கள்; காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவார்கள். வீட்டில் காரும் பங்களாவும் உள்ள மனிதர்கூட அன்றைக்குத் தட்டை ஏந்தி வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறார். மற்ற நாளில் செய்வாரா?

ஆக, நடக்கிறவர்களில் நம் ஊருக்குத் தெரிந்தவர்கள் இரண்டே ஜாதி. வேண்டுதலுக்காக நடக்கிறவன் ஒருவன். கையில் காசில்லாமல் நடக்கிறவன் ஒருவன். மூன்றாவதாக ஒருவன் மேல்நாட்டில் இருக்கிறான். ஸ்பெயின் தேசத்தில் சந்தியாகோ என்ற க்ஷேத்திரத்துக்கு ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து பழைய யாத்திரைப் பாதைகள் போகின்றன. அவற்றில் ஒன்று போர்ச்சுகல் தேசத்தின் சின்னச் சின்ன ஊர்கள் வழியாக வடக்கே ஏறுகிறது. அட்லாண்டிக் சமுத்திரத்து மழை அங்கே ஓயாமல் கொட்டும். பக்தி உள்ளவர்களும் இல்லாதவர்களும் முதுகில் மூட்டையோடு நனைந்துகொண்டு நாள் கணக்கில் நடக்கிறார்கள். இரவு தங்க எளிய விடுதிகள் உண்டு. சிலவற்றில் கட்டணம் கிடையாது. போகும்போது இஷ்டப்பட்டதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம்.

இந்த மூன்றாவது ஜாதியைப் பற்றி என் நண்பர் ஒருவர் கேலி செய்வார். அவர் ஆடிட்டர். மனித குலத்தையே வரவு செலவுப் புத்தகமாகப் பார்க்கிறவர். "பையில் திரும்பி வர டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒருவன் படுகிற கஷ்டம் கஷ்டமே அல்ல. அது வேஷம். 2020-ஆம் வருஷத்தில் நடந்தார்களே, அது நடை!" என்பார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 2020 மார்ச் மாதம் 24-ஆம் தேதி இரவு, நாலு மணி நேர அவகாசத்தில் தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தது. ரெயில் இல்லை; பஸ் இல்லை. வெளியூரில் கூலி வேலை செய்து வந்த லட்சக்கணக்கான ஜனங்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தார்கள். ஊர் போய்ச் சேராதவர்களும் உண்டு. அந்த நடையோடு வைத்துப் பார்த்தால், விருப்பப்பட்டு நடக்கிறவன் தன் கால் கொப்புளத்தைப் பற்றிப் பேசவே லாயக்கில்லாதவன். தேடிப் போய் அனுபவிக்கும் கஷ்டத்துக்குக் கஷ்டம் என்ற முறையில் ஒரு மதிப்பும் கிடையாது. இதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிறகு எதற்காக நடக்க வேண்டும்?

2022-ஆம் வருஷம் ஐப்பசியில் நான் ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்கு நடக்கத் தீர்மானித்தேன். நெடுஞ்சாலை வழியாக அல்ல. பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் வழியாக, கொல்லிமலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போகும் சாலையில். இருபது மைலுக்கு மேல் இருக்கும். எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு பாத்திரம் அந்த வழியே நடந்தாக வேண்டும். அவனை நடக்கவிடுவதற்கு முன் நான் நடந்து பார்க்க விரும்பினேன். அதோடு, சேலத்திலிருந்து கிளம்பும்போது வீட்டிலும் நண்பர்களிடத்திலும் "ஒரு அடிகூட வண்டியில் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டும் வந்திருந்தேன். ஆடிட்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

விடியற்காலையில் தூறல். ஏழு மணிக்கு மழை. ஐப்பசி மழைக்கு அவசரம் கிடையாது. கோடை மழை போல் இடித்து மிரட்டிவிட்டு ஓடிப்போகாது. கடன்காரன் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். கொல்லிமலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. மரவள்ளிக் காடுகள், விரித்த கை போன்ற இலைகளில் மழையை வாங்கிக் கீழே சொட்டிக்கொண்டிருந்தன. ஜவ்வரிசி ஆலைகளின் அகன்ற சிமெண்டுக் களங்கள், காய வைக்க வெயில் இல்லாமல் காலியாகக் கிடந்தன. அந்த ஆலைகளுக்கே உரிய புளித்த வாசனை மட்டும் மழையிலும் கரையாமல் சாலைக்கு வந்தது. குடை முதல் ஒரு மணி நேரத்துக்கு உபயோகப்பட்டது. அதன் பிறகு நான்தான் அதைக் காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. செருப்பில் செம்மண் அப்பி, ஒவ்வொரு காலும் இரண்டு கால் கனம் கனத்தது.

மழையில் நெடுந்தூரம் நடப்பதில் ஒரு கட்டம் வரும். நனையாமல் இருக்க வேண்டும் என்ற கவலை இருக்கும் வரையில்தான் மழை விரோதி. உடம்பில் நனைவதற்கு இனி இடம் இல்லை என்றானதும் மனசு விட்டுப்போய்விடும். வேட்டி கட்டின மரியாதைப்பட்ட மனுஷன் என்ற நினைப்பு கரைந்து, மாடு நனைவது போல, மரம் நனைவது போல நாமும் நனைந்துகொண்டு போவோம். வீட்டுக் கூடத்தில் எத்தனை வேதாந்தம் படித்தாலும் போகாத அகங்காரத்தில் கால்வாசி, மூன்று மணி நேர மழையில் போய்விடுகிறது. மிச்சம் முக்கால்வாசி இருந்தது. அதற்கு வேறொருத்தர் வர வேண்டியிருந்தது.

பேளுக்குறிச்சி தாண்டிச் சிறிது தூரத்தில், சாலையை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. அதற்கு ஒரு திண்ணை. அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கடந்து போகப் போனேன். அவள் கூப்பிட்டாள்.

"ஏனுங் சாமி, இந்த மழையிலே எங்கீங்க போறீங்க?"

"நாமக்கல்லுக்குங்க."

"பஸ்ஸு வருமுங்களே! அந்தப் புளியமரத்துக்கிட்ட கை காட்டினா நிறுத்துவானுங்க."

"இல்லீங்கம்மா, நடந்துதான் போறேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "வேண்டுதலுங்களா?"

"வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்த வேட்டி. செம்மண் படிந்த கால். கம்பி ஒடிந்த குடை. வேண்டுதலும் இல்லை என்றால் பாக்கி இருக்கிற காரணம் ஒன்றே ஒன்றுதானே? மூன்றாவது ஜாதியை அவளுக்குத் தெரியாது.

"மொதல்லே மேலே வந்து உக்காருங்க சாமி" என்றாள். உள்ளே போய் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சுக்கும் கொத்துமல்லியும் தட்டிப் போட்ட காப்பி வந்தது. நான் குடித்து முடித்துத் தம்ளரை வைத்ததும், இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து, நாலாக மடித்த இருபது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதை வச்சுக்கங்க. பஸ்ஸிலே போங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, வேண்டாம்மா. எங்கிட்ட பணம் இருக்குதுங்க. சும்மா நடக்கணும்னு ஆசைப்பட்டு நடக்கிறேன்" என்றேன்.

"ஆமாங்க, இருக்கும் இருக்கும்" என்றாள் சமாதானமாக. "மானஸ்தருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எம் புருசனும் அப்படித்தான். எங்களுக்காச்சும் டவுன் பஸ்ஸிலே டிக்கெட் கெடையாது, ஆம்பளைங்களுக்கு உண்டே! கூச்சப்படாதீங்க சாமி. எம் மகனாட்டம் இருக்கறீங்க. காய்ச்சல் வந்து படுத்தா வீட்டிலே பாக்க வேண்டாமுங்களா?"

சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து நோட்டுகளைக் காட்டி நிரூபித்திருக்கலாம். அந்த எண்ணம் வரத்தான் வந்தது. அவளுடைய இருபது ரூபாய்க்கு எதிரே என்னுடைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை விரித்துக் காட்டுவது எப்பேர்ப்பட்ட காரியமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையை ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. அவள் அதைக் கேட்டும், நம்பாமல், நம்பாததையும் மரியாதையாகச் சொல்லி, கையை மடக்காமல் நிற்கிறாள்.

வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்ட பிறகு இன்னொரு சங்கடம் புரிந்தது. அவள் பணத்தைச் சும்மா கொடுக்கவில்லை. பஸ்ஸில் போவதற்காகக் கொடுத்தாள். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவள் கண்ணுக்கு மறைந்ததும் மறுபடி நடந்தால், வாங்கினதற்கு என்ன அர்த்தம்? புளிய மரத்தடியில் பத்து நிமிஷம் நின்றேன். அவள் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் வந்தது. ஏறினேன். ஒரு அடிகூட வண்டியில் ஏறமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்த பிரயாணம் பாதி வழியில் முடிந்தது.

நாமக்கல்லில் இறங்கியபோதும் மழை விடவில்லை. கோட்டைப் பாறை கறுத்துப் பளபளத்தது. பதினெட்டடி உயர ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரை இல்லாத தம்முடைய சந்நிதியில் வழக்கம்போல் நனைந்துகொண்டு நின்றார்.

சேலம் திரும்பியதும் ஆடிட்டர் விசாரணை நடத்தினார். முதல் குற்றச்சாட்டு: பணம் உள்ளவன் ஓர் ஏழையிடம் பணம் வாங்கியது மோசடி. இரண்டாவது: அவளுக்கு இருபது ரூபாய் நஷ்டம். மூன்றாவது: திருப்பிக் கொடுக்க வழி இருந்தும் கொடுக்கவில்லை. "ஒரு உறையில் ஐந்நூறு ரூபாயைப் போட்டு அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே? மீதிச் சில்லறையை என்ன செய்தீர்?" என்று கேட்டார்.

"நாமக்கல்லில் டீ குடித்தேன்" என்றேன்.

முதல் குற்றச்சாட்டுக்குப் பதில் சுலபம். பொய் சொல்லி வாங்கினால் மோசடி. நான் மெய்யைச் சொன்னேன். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்கு நாள் பிடித்தது. பழைய தமிழ்ப் புலவர்கள் கை கொடுத்தார்கள். வாங்குவதில் அவர்களைவிட அனுபவசாலிகள் யார்? ஆற்றுப்படை என்று ஒரு இலக்கிய வகையையே அவர்கள் படைத்திருக்கிறார்கள். பரிசு வாங்கித் திரும்பும் ஒருவன், வழியில் பசியோடு எதிர்ப்படுகிறவனிடம், இன்ன வழியில் போ, இன்னாரைப் பார், உனக்கும் கிடைக்கும் என்று சொல்லுகிற பாட்டு அது. வாங்கினதை மறைக்காமல் அடுத்தவனுக்கு வழி சொல்லுவது!

புறநானூற்றில் வன்பரணர் பாடிய காட்சி ஒன்று கொல்லிமலையைச் சேர்ந்தது. காட்டு வழியில் நடந்து களைத்த பாணர் கூட்டம் வேடன் ஒருவனைக் காண்கிறது. அவனைத் தலைவன் என்று எண்ணிப் பாடுகிறார்கள். புகழ்ச்சி கேட்டு அவனுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. வேட்டையாடிய இறைச்சியைச் சமைத்துக் கொடுக்கிறான், தேன் கொடுக்கிறான், மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் கொடுக்கிறான். தன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவன்தான் வல்வில் ஓரி. இன்றைக்குக் கொல்லிமலைச் செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. அன்றைக்கு வழிப்போக்கர்களிடம் பெயரைக்கூட விட்டுவைக்காமல் கொடுத்தவன் அவன். அப்படிப்பட்டவனைத் தேடிப் போய்த் திருப்பிக் கொடுப்பது எப்படி? கொடுத்தால் அது என்ன ஆகும்? அவன் தந்தது கடனாகிவிடும். உறையில் போட்ட ஐந்நூறு ரூபாய் செய்திருக்கக் கூடிய காரியமும் அதுதான். அவள் எனக்குச் செய்ததை லேவாதேவிக் கணக்கில் ஏற்றி, நல்ல வட்டியோடு பைசல் செய்து, நீ யாரோ நான் யாரோ என்று ரசீது வாங்கிக்கொள்வது. திருப்பிக் கொடுக்கத் துடிக்கிற கையில் எப்போதும் நன்றிதான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சில சமயம், உனக்கு நான் கட்டுப்பட்டவனாக இருக்கமாட்டேன் என்ற வீம்பும் இருக்கும்.

இதே புறநானூற்றில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் உண்டு. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் தகடூர் அதியமானைப் பார்க்கப் போகிறார். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. 1965 வரையில் அதுவும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். அரசன் வேலையாக இருந்தானோ என்னவோ, புலவரை நேரில் காணாமலே பரிசை அனுப்பிவிட்டான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். முகம் பாராமல் கொடுத்ததை வாங்கிப் போக நான் வியாபாரி அல்ல. தெரிந்து, மதித்துக் கொடுத்தால் மிகச் சிறியதும் எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டார். பசித்த வயிற்றோடு அதைச் சொன்னார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆக, வாங்குகிறவனுக்கு மறுக்கவும் உரிமை உண்டு. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதற்கு அளவுகோல், பொருளின் பெறுமதி அல்ல; அதோடு ஒரு முகம் வருகிறதா என்பது.

வள்ளுவரும் இந்தச் சிக்கலை அறிந்தவர் என்றே நினைக்கிறேன். இரவு என்று ஓர் அதிகாரம் எழுதினார். இரவச்சம் என்று அடுத்த அதிகாரத்தை எழுதினார். 106-ஆவது அதிகாரத்தில் கேட்கலாம் என்கிறார். 107-ஆவதில் கேட்க அஞ்சு என்கிறார். முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதே என்று பள்ளிக்கூடத்தில் நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. வாங்குவதற்குக் கூச்சமே இல்லாதவன் தட்டைத் தூக்கிக்கொண்டு திரிவான். நம் ஆபீஸ்களில் 'வாங்குகிறவர்' என்றால் அர்த்தமே வேறு. கூச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதவனோ மனிதர்களோடு சேராமலே செத்துப்போவான். இரண்டு அதிகாரங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் சரி.

நடக்கிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் எவ்வளவு வலிமையானது என்பதை, ஆச்சரியமாக, ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி, நம் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புக் காய்ச்ச நடந்து கிளம்பினார். அவர்கள் பாடிக்கொண்டு போவதற்கு, மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பாட்டு எழுதிக் கொடுத்தார். நூற்றைம்பது மைல் நடை. தஞ்சாவூர் ஜில்லாக் கலெக்டர் தார்ன், நடக்கிறவர்களைத் தடுக்கப் பட்டாளத்தைத் தேடவில்லை. அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும், தங்க இடம் கொடுக்கிறவர்களுக்கும் சிறையும் அபராதமும் உண்டு என்று எச்சரிக்கை விடுத்தார். திண்ணையை மூடிவிட்டால் நடை தானே நின்றுவிடும் என்பது அவருடைய கணக்கு.

கணக்குச் சரிதான், ஜனங்கள்தான் தப்பச் செய்துவிட்டார்கள். நேரில் கொடுத்தால் சிறை என்பதால், சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வந்தவர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி ராஜாஜி கைதானார்.

பெருஞ்சித்திரனாரின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். மரத்தில் தொங்கிய பொட்டலத்தில் முகம் இல்லையே? கட்டியவர் யார் என்று தின்றவருக்குத் தெரியாது; தின்றவர் யார் என்று கட்டியவருக்குத் தெரியாது. பிறகு எப்படி வாங்கினார்கள்? என் அபிப்பிராயத்தில் அங்கே முகம் இருந்தது; மறைந்திருந்தது, அவ்வளவுதான். அதியமான் அலட்சியத்தால் முகம் காட்டவில்லை என்று புலவர் எண்ணினார். தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் முகத்தைக் காட்ட ஆசை இருந்தும், காட்ட முடியாத நிலைமையில் கையை மட்டும் நீட்டினார்கள். பசியோடு நடந்து வந்தவனுக்கு அந்த வித்தியாசம் ஒரு வாய் சோற்றிலேயே தெரிந்திருக்கும். அந்தப் பொட்டலங்களை அவர்கள் அவிழ்க்காமல், "நாங்கள் யாருக்கும் கடன்படமாட்டோம்" என்று கௌரவமாகக் கடந்து போயிருந்தால், மரத்தில் சோற்றோடு கட்டியிருந்த தைரியமும் வீணாகியிருக்கும். வாங்கிக்கொண்டதும் அந்தப் போராட்டத்தில் ஒரு பாதிதான்.

இப்போது ஆடிட்டரின் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பேளுக்குறிச்சி அம்மாளுக்கு இருபது ரூபாய் நஷ்டம். அவளுடைய கணக்கில் அது பெரிய தொகை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய கணக்கில் வேறு ஒரு பத்தியும் உண்டு. மழையில் போகிற ஒருவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் எப்படிப் போக வேண்டும் என்று தீர்மானித்து, அப்படியே போகவைத்துப் பார்க்கும் அதிகாரம் அன்றைக்கு அவளிடம் இருந்தது. ஏழைகளிடமிருந்து நாம் உழைப்பை வாங்குகிறோம், ஓட்டை வாங்குகிறோம். அவர்கள் தானமாகக் கொடுத்தால் மட்டும் வாங்க மறுக்கிறோம். கொடுக்கிற இடத்தை எப்போதும் நமக்கே வைத்துக்கொண்டு, வாங்குகிற இடத்திலேயே அவர்களை நிறுத்தி வைப்பதற்குத் தர்ம சிந்தனை என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

என் பிரயாணம் பாதியில் நின்றுபோனதில் ஆடிட்டருக்கு இன்னும் திருப்தி உண்டு. "ஆக, முழுத் தூரமும் நடக்கவில்லை" என்று ஞாபகப்படுத்துவார். நடக்கவில்லைதான். ஒன்றை வாங்கிக்கொள்வது என்றால், கொடுக்கிறவருடைய இஷ்டமும் அதோடு கூட வருகிறது. நம்முடைய திட்டத்தில் அது ஒரு துண்டைக் கத்தரித்துவிடும். அதைத் தாங்க முடியாததால்தான் நாம் வேண்டாம் வேண்டாம் என்று ஓடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம். இருபது மைலும் என் காலாலேயே கடந்தேன் என்று சொல்லிக்கொள்ளும் பெருமையை அந்த மடித்த நோட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டது. மழை விட்டுவைத்த முக்கால்வாசியில் அதுவும் கொஞ்சம்.

எல்லோரும் மழையில் இருபது மைல் நடக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு நாவல் எழுதுகிற பைத்தியம் வேண்டும். அதைவிடச் சிறிய காரியம் ஒன்று இருக்கிறது. இப்போதெல்லாம் வெளியூர் போனால் தாகத்துக்கு நாம் யார் வீட்டிலும் தண்ணீர் கேட்பதில்லை. கடையில் பாட்டில் வாங்குகிறோம். லிட்டர் பாட்டிலின் விலையும் கிட்டத்தட்ட இருபது ரூபாய்தான். தண்ணீருக்காக மட்டுமா அதைக் கொடுக்கிறோம்? யார் வாசலிலும் நிற்காமல் இருப்பதற்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். அடுத்த முறை வழியில் தாகமெடுத்தால் கடையைத் தாண்டிப் போய், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் இரும்புக் கிராதிக்குப் பின்னாலிருந்து சந்தேகமாகப் பார்ப்பார்கள். அதைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்த வீட்டில் கேளுங்கள். நம்மைக் கேட்காமலே, தண்ணீர்ச் செம்போடு மோரும் கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட வருகிற குழந்தைக்கும் ஒரு தம்ளர் கொடுக்கச் சொல்லுங்கள். அது உங்கள் முகத்தைப் பார்க்கும். கண்ணால் மிரட்டாமல் இருந்தால் போதும்.